இருநூற்றுப் பதினான்கு அலகுகள்

கோபிசங்கரை எங்கள் வட்டாரத்தில் வயர்மன் கோபி என்றுதான் சொல்வோம். புளியங்கூடலில் பிறந்தவர். புங்குடுதீவில் நிலாந்தியைக் கலியாணம் செய்து, பதினைந்து வருடமாக எங்களோடு இருக்கிறார். வீட்டுக்கு லைற் போடுவது, தண்ணீர் மோட்டர் திருத்துவது, கோயில் திருவிழாவுக்கு வயர் இழுப்பது எல்லாம் அவர்தான். வேலை சுத்தம். ஆனால் நாங்கள் அவரை வைத்திருந்த இடம் குசினி வாசல். வேலை முடிந்ததும் சமையலறைப் பின்பக்கத்தில் ஒரு மர வாங்கில் இருத்தித் தேத்தண்ணி கொடுப்போம். நான் தபாற்கந்தோரில் வேலை செய்து ஓய்வு பெற்றவன். என் வீட்டிலும் அப்படித்தான் நடந்தது. பிறகு நடந்தவற்றில் இதற்கும் ஒரு பங்கு உண்டு என்பதால் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்.

கரண்ட் பில் ஏறி எல்லோரும் முணுமுணுத்துக்கொண்டிருந்த காலத்தில் கொழும்பிலிருந்து ஒரு தனியார் நிறுவனம் எங்கள் பக்கம் வந்தது. மின்சாரத்தை விற்பதல்ல, மிச்சம் பிடித்துக் கொடுப்பது அவர்களுடைய தொழில். வெளிநாட்டு நிதி அமைப்பு ஒன்று யாழ்ப்பாணத் தீவுப்பகுதியில் மின்சிக்கனத் திட்டம் ஒன்றை நடத்த விரும்பியது. அந்த வேலையை எடுக்க இரண்டு நிறுவனங்கள் போட்டி போட்டன. ஒன்று கரம்பொன் பக்கத்தில் அறுபது வீடுகளைத் தெரிவு செய்தது. மற்றது புங்குடுதீவில் அறுபது வீடுகளைத் தெரிவு செய்தது. நான்கு மாதத்தில் எந்த அறுபது வீடுகள் கூடுதலாக மின் அலகைக் குறைக்கின்றனவோ, அவற்றைப் பார்த்துக்கொண்ட நிறுவனத்துக்கே எல்லாத் தீவுகளும் கிடைக்கும். வென்றால் பங்குபற்றிய வீடுகளுக்குப் பாதி விலையில் புதுப் பிறிச், அதுதான் குளிர்சாதனப் பெட்டி, என்றும் சொன்னார்கள்.

எங்கள் பக்கத்து நிறுவனத்தின் பொறுப்பாளர் டினேஷ் என்ற இளைஞர். கொழும்பில் வளர்ந்தவர், மரியாதையான ஆள். ஊரில் வயரிங் தெரிந்தவர் யார் என்று விசாரித்துக் கோபியைப் பிடித்தார். நீலச் சேட், கழுத்தில் படத்தோடு அட்டை, கையில் அளவு பார்க்கும் கருவி. கோபிக்கு நாற்பத்து மூன்று வயது. அந்த வயதில்தான் முதல்முறையாக ஒருவர் அவரைச் 'சேர்' என்று கூப்பிட்டார்.

அந்த வேலையில் அவருக்கு உண்மையிலேயே கை இருந்தது. நல்லம்மா என்று ஒரு பெண் தனியாக இருக்கிறார். அவருடைய மோட்டர் தண்ணீர்த் தாங்கியை நிரப்ப ஒரு மணித்தியாலம் ஓடும். கோபி போய்ப் பார்த்தார். கிணற்றுக்குள் இறங்கும் குழாயின் அடியில் இருந்த வால்வு தேய்ந்து, ஏறிய தண்ணீரில் பாதி திரும்பக் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது. மாற்றியபின் இருபத்தைந்து நிமிடத்தில் தாங்கி நிரம்பியது. இன்னொரு வீட்டில் பிறிச் கதவின் இடுக்கில் ஒரு தாளை வைத்து மூடி இழுத்துக் காட்டினார். தாள் சும்மா வழுகி வந்தது. "பாருங்கோ, றப்பர் செத்துப் போச்சு. இதாலைதான் உங்கடை கரண்ட் ஓடுது" என்றார். எங்கள் வீட்டிலும் மூன்று பல்பை மாற்றிவிட்டுப் போனார். அன்று நான் அவரை முன் ஹோலில் கதிரையில் இருத்தி, தட்டத்தில் வைத்துத் தேத்தண்ணி கொடுத்தேன். அவர் கதிரையின் நுனியில் இருந்துதான் குடித்தார். ஆனாலும் முகத்தில் ஒரு வெளிச்சம் இருந்தது.

அறுபது வீடு சேர்ப்பதுதான் கரைச்சலாகிவிட்டது. எங்கள் வட்டாரத்தில் வீடுகளுக்குக் குறைவில்லை. ஆட்கள்தான் இல்லை. கனடா, சுவிஸ், லண்டன் என்று போனவர்களுடைய வீடுகள் பூட்டிக் கிடக்கின்றன. காவலுக்கு வாசலில் ஒரு பல்ப் மட்டும் எரியும். ஆட்கள் குடியிருக்கிற வீடு தேடித் தேடி நாற்பத்தொன்று வரை வந்தது. மிச்சம் பத்தொன்பதுக்கும் கோபி பூட்டின வீடுகளைப் பார்த்துக்கொள்கிறவர்களிடம் கையெழுத்து வாங்கினார். குடியிருக்கிற வீடு என்று படிவத்தில் எழுதினார். டினேஷ் அதைக் கேட்கவில்லை, கோபி சொல்லவுமில்லை.

அதனால் ஒன்று நடந்தது. அறுபது வீட்டுக்கும் சராசரி எடுத்தபோது நாற்பத்தெட்டு அலகு வந்தது. மாதம் இரண்டு அலகு எரிக்கிற பூட்டின வீடுகளும் அந்தக் கணக்குக்குள் இருந்தன. பிறிச்சும் மோட்டரும் உள்ள எந்தச் சாதாரண வீடும் நாற்பத்தெட்டுக்கு மேலேதான் நிற்கும். ஆக, குடியிருந்த நாங்கள் எல்லோரும் அயலவரைவிடக் கூட எரிக்கிறவர்கள் ஆகிவிட்டோம்.

அரியநாயகம் என்பவருடைய வீடு சந்தியிலிருந்து நாலாவது. அவர் அவிசாவளையில் முப்பது வருடம் சுருட்டுக்கடை நடத்தியவர். கடை போனபின் மனைவி சறோஜினிதேவியோடு ஊருக்குத் திரும்பி வந்துவிட்டார். ஒரே மகள் தனுசியா கனடாவில். இரண்டு வருடமாக நாங்கள் அவரை வெளியே காணவில்லை. நெஞ்சில் ஏதோ சுகமில்லை என்று தெரியும். அவர்கள் அதற்கு மேல் சொல்லவில்லை, நாங்களும் கேட்கவில்லை.

கோபி விபரம் எடுக்கப் போன அன்று சறோஜினிதேவி அவரை விறாந்தையில் இருத்தினார். பிறிச் ஒன்று, மோட்டர் ஒன்று, ஃபான் மூன்று, பல்ப் எட்டு. எழுதிக்கொண்டிருக்கும்போதே அறைக்குள்ளிருந்து ஒரு சத்தம் இடைவிடாமல் கேட்டது. சின்ன மோட்டர் ஒன்றின் இரைச்சல், நடுவில் யாரோ மூச்சு விடுவதுபோல ஒரு 'புஸ்'.

"உள்ளுக்கை என்னக்கா ஓடுது?"

"அது இவரின்ரை ஒரு மெசின், தம்பி. அதை உதிலை எழுத வேண்டாம்."

படிவத்தில் 'வேறு கருவிகள்' என்று ஒரு கட்டம் இருந்தது. கோபி அதில் ஒரு கோடு கீறிவிட்டு எழும்பினார்.

முதல் மாதம் நிறுவனம் சொன்னபடி ஒவ்வொரு வீட்டுக்கும் தனித்தனியாக ஒரு தாள் போனது. உங்கள் வீடு இவ்வளவு, அயல் வீடுகளின் சராசரி இவ்வளவு. யாரும் அதைச் சட்டை செய்யவில்லை. நான் அதை மடித்துப் பஞ்சாங்கத்துக்குள் வைத்தேன். அலகு குறையவில்லை. கரம்பொன் பக்கத்தில் நூற்றுக்குப் பத்து வீதம் குறைந்துவிட்டது என்று கதை வந்தது. கோபிக்கு இருப்புக் கொள்ளவில்லை. அறுபது வீட்டையும் குறைந்ததிலிருந்து கூடியதுவரை வரிசைப்படுத்தி, பெயர் போட்டு, ஒரு பெரிய தாளில் அச்சடித்து, வாசிகசாலைச் சுவரில் ஒட்டினார். சராசரிக்குக் கீழே உள்ளவர்கள் பச்சை. கொஞ்சம் மேலே மஞ்சள். நல்லாய் மேலே போனவர்கள் சிவப்பு. இது நிறுவனம் சொன்ன யோசனை அல்ல, முழுக்க முழுக்க அவருடையது. டினேஷ் அதைப் படமெடுத்துக் கொழும்புக்கு அனுப்பி, "சூப்பர் ஐடியா, கோபி அண்ணன்" என்று சொன்னாராம்.

நாங்கள் எல்லோரும் அந்தச் சுவரின் முன் நின்றோம். மேலே பச்சையில் நின்ற பெயர்களில் பூட்டின வீடுகளும் இருந்ததை யாரும் பெரிதாக எடுக்கவில்லை. என் பெயர் முப்பத்தோராவது, மஞ்சள். ஆகக் கடைசியில் சிவப்பில் அரியநாயகம், இருநூற்றுப் பதினான்கு அலகு. அவருக்கு மேலே இருந்தவர் தொண்ணூற்றாறு. நான் அதைப் பார்த்துவிட்டுப் பக்கத்தில் நின்றவரிடம் சொன்னேன்:

"உவையள் உள்ளுக்கை ஏசி பூட்டியிருக்கினம் போலை."

எல்லோரும் சிரித்தார்கள். திரும்பிப் பார்க்கிறேன், சறோஜினிதேவி கோயிலுக்குப் போகிற வழியில் அர்ச்சனைத் தட்டோடு எங்களுக்குப் பின்னால் நிற்கிறார். அவரும் சிரித்தார். பிறகு கோயிலுக்குப் போகாமல் வந்த வழியே திரும்பிப் போனார்.

பட்டியல் வேலை செய்தது. அடுத்த மாதமே வீடுகளில் அலகு இறங்கியது. வாசிகசாலைக்குப் பேப்பர் பார்க்கப் போகிறவர்கள் முதலில் சுவரைப் பார்த்தார்கள். மஞ்சளில் இருந்து பச்சைக்குப் போனவர் மற்றவரைச் சீண்டினார். மூன்றாம் மாதக் கணக்கில் மொத்தமாக இருபத்திரண்டு வீதம் குறைந்திருந்தது. கரம்பொன்காரர் பத்தொன்பதில் நின்றார்கள். எல்லாவற்றிலும் பெரிய ஆச்சரியம் அரியநாயகத்தின் வீடு. இருநூற்றுப் பதினான்கு அறுபத்தாறாகியிருந்தது.

டினேஷ் கொழும்பிலிருந்து இரண்டு பெரியவர்களைக் கூட்டிக்கொண்டு வந்தார். வாசிகசாலையில் கதிரை போட்டு ஒரு சின்னக் கூட்டம். கோபி ஒலிபெருக்கியில் பேசினார். இருநூற்றுப் பதினான்கில் இருந்து அறுபத்தாறு என்று அவர் சொன்னபோது சனம் கைதட்டியது. நானும் தட்டினேன். சறோஜினிதேவி ஒரு சாம்பல் நிறச் சீலையில் வந்து, குறைந்த மின்சாரத்தில் ஓடும் புது ஃபானைப் பரிசாக வாங்கினார். வந்திருந்த பெரியவர்களில் ஒருவர் ஒலிவாங்கியை அவரிடம் நீட்டினார்.

"எப்படி அம்மா குறைச்சீங்க? மற்றவங்களுக்கும் சொல்லுங்களேன்."

"தேவையில்லாததை நிப்பாட்டினனான்," என்றார் சறோஜினிதேவி. அவ்வளவுதான். படம் எடுத்தார்கள்.

அடுத்த நாள் காலை கோபி அந்த ஃபானைப் பூட்டிக் கொடுக்கப் போனார். பூட்டித் தருகிறேன் என்று அவராகவே கேட்டுப் போனது. நல்ல மனதோடுதான் போனார். விறாந்தையில் பூட்டச் சொல்லிச் சறோஜினிதேவி காட்டினார். விறாந்தையைவிட ஐயா படுக்கிற அறையில் பூட்டினால் நல்லது என்று கோபி சொன்னார். சறோஜினிதேவி மறித்ததைக் கவனிக்காமல் ஏணியோடு அறைக்குள் காலை வைத்தார்.

அரியநாயகம் யன்னலோரத்தில் ஒரு கதிரையில் இருந்தார். முன்னால் மேசை, மேசையில் இரண்டு தலையணை, அவற்றின்மேல் கைகளை ஊன்றி முன்பக்கமாகக் குனிந்திருந்தார். உதடு நீலம் பாரித்திருந்தது. கால் இரண்டும் வீங்கி மினுங்கின. அறை மூலையில் ஒட்சிசன் மெசின் நின்றது. அதன்மேல் மடித்த சாறங்களை அடுக்கியிருந்தார்கள். பிளக் சுவரில் இல்லை.

"வாரும் கோபி," என்றார். ஒவ்வொரு சொல்லுக்கும் ஒரு மூச்சுத் தேவைப்பட்டது. "ஃபான்... கொண்டு வந்தனீரோ?"

"ஐயா, மெசின் ஏன் நிக்குது?"

"ஓடினால்... அலகு ஏறுமெல்லே."

கோபி ஏணியைச் சுவரில் சாத்தினார். சறோஜினிதேவியைத் திரும்பிப் பார்த்தார்.

"ஒரு நாளைக்கு எவ்வளவு நேரம் போடுறியள், அக்கா?"

"காலமை ஒரு மணித்தியாலம். பின்னேரம் ரெண்டு."

"டொக்ரர் எவ்வளவு சொன்னவர்?"

அவர் சீலைத் தலைப்பைக் கையில் சுற்றினார். "பதினஞ்சு."

"காசு பிரச்சினை எண்டால் என்னட்டை ஒரு வார்த்தை..."

"காசோ? பில்லை மகள் அங்கையிருந்தே கட்டுறாள். காசுக்காக நிப்பாட்டேல்லைத் தம்பி. என்ரை வீட்டுப் பேரைச் சிவப்பிலை எழுதிச் சுவரிலை ஒட்டினால் நான் எந்த முகத்தோடை தெருவாலை போறது? ஏசி பூட்டியிருக்கினம் எண்டு சனம் சிரிக்குது."

"மெசின் இருக்கெண்டு சொல்லியிருக்கலாமே, அக்கா. ஆரும் ஒண்டும் சொல்லியிராயினம்."

இதற்குப் பதில் அரியநாயகத்திடமிருந்து வந்தது. "நான்தான்... சொல்ல வேண்டாமெண்டனான்." கொஞ்ச நேரம் மூச்சு வாங்கிவிட்டுச் சொன்னார்: "முப்பது வருசம்... சுருட்டு வித்தவன். இப்ப மூக்கிலை வயரோடை... இருக்கிறன் எண்டு ஊர் கதைக்க வேணுமோ?"

கோபி சாறங்களை எடுத்துக் கட்டிலில் வைத்தார். மெசினைச் சுவரோரம் இழுத்துப் பிளக்கைச் செருகினார். இதெல்லாம் அவர் பிறகு என்னிடம் சொன்னது. சறோஜினிதேவி குழாயைக் கணவரின் மூக்கில் மாட்டினார். அந்த 'புஸ்' சத்தம் திரும்பவும் தொடங்கியது. கோபி நிலத்தில் சுவரோடு சாய்ந்து இருந்துவிட்டார். உதட்டின் நிறம் மாற அரை மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பிறகு அரியநாயகம் கேட்டார்.

"அடுத்த மாசம்... திரும்பக் கடைசிக்கு வந்திடுவமோ?"

பகிடியாகக் கேட்டாரா, உண்மையாகவே கேட்டாரா என்று கோபிக்கு இன்றுவரை தெரியாது.

நான் வாசிகசாலையில் பேப்பர் பார்த்துக்கொண்டிருந்தேன். கோபி உள்ளே வந்து சுவரில் இருந்த பட்டியலை இழுத்துக் கிழித்தார். பசை நல்லாய்ப் பிடித்திருந்ததால் பாதிதான் வந்தது. மிச்சத்தை நகத்தால் சுரண்டினார்.

"என்ன கோபி, அடுத்தது வந்திட்டுதோ?" என்று கேட்டேன். அவர் சுரண்டிக்கொண்டே இருந்தார்.

அன்று பின்னேரமே டினேஷுக்கு ரெலிபோன் எடுத்து நடந்ததைச் சொன்னாராம். டினேஷ் பதறிப்போனார். உடனே ஆசுப்பத்திரிக்குக் கொண்டுபோங்கள், வாகனச் செலவை நான் பார்க்கிறேன் என்றார். பிறகு கொஞ்சம் யோசித்துவிட்டு, "அந்த ஒரு வீட்டை மட்டும் கணக்கிலிருந்து எடுத்துவிடலாம் அண்ணன். அப்போ பதினெட்டு வரும். மிச்சம் ஒரு மாசம் இருக்கு, பிடிச்சிடலாம்" என்றார். அப்போதுதான் கோபி பூட்டின வீடுகளைப் பற்றியும் சொன்னார்.

"அண்ணன், அதை நீங்க எனக்குச் சொல்லவேயில்லை. சரிதானே?" என்றார் டினேஷ். "இதில என்னோட இருபது பேரோட வேலை இருக்கு."

அந்த வாரம் முழுவதும் கோபி நீலச் சேட்டைப் போடாமல், குடியிருக்கிற நாற்பத்தொரு வீட்டுக்கும் போனார். ஒவ்வொரு வீட்டிலும் ஒரே கேள்வியைத்தான் கேட்டார்: எதை நிப்பாட்டினீர்கள்? முன்பு அவர் எவ்வளவு என்றுதான் கேட்டிருந்தார். பாதி வீடுகளில் நல்ல பதில் கிடைத்தது. றப்பர் மாற்றியது, பல்ப் மாற்றியது, வால்வு மாற்றியது. மற்றப் பாதியில் அப்படி இல்லை. தர்சினி என்ற பெண்ணுக்கு முதுகெலும்பில் சத்திரசிகிச்சை செய்திருந்தார்கள். அவர் மோட்டரைப் போடாமல் நான்கு பேருக்கும் கிணற்றில் அள்ளிக்கொண்டிருந்தார். ஒரு வீட்டில் பிறிச்சை நிறுத்திவிட்டுப் பழுதான கறியைச் சாப்பிட்டு மூன்று நாள் வயிற்றாலை போயிருக்கிறது. பச்சைக்குள் வந்துவிட்டோம் என்று அவர்கள் பெருமையோடுதான் சொன்னார்களாம்.

பிறகு ஒரு பகல் கோபி என் வீட்டுக் குசினி வாசலில் வந்து நின்றார். முன்னுக்கு வாரும் என்றேன். "இல்லை அண்ணை, இதிலையே இருக்கிறன்" என்று பழைய வாங்கில் இருந்தார். நிதி கொடுக்கிற அமைப்புக்கு ஒரு கடிதம் எழுத வேண்டும், நீங்கள் நல்லாய் எழுதுவீர்கள் என்றார்.

அவர் சொல்லச் சொல்ல எழுதினேன். பூட்டின வீடுகள் பத்தொன்பது, சராசரி பிழையாக வந்தது, பட்டியலைப் பெயரோடு ஒட்டியது. அரியநாயகத்தின் வீட்டுக்கு வந்ததும் நான் என் பாட்டில், 'மேற்படி வீட்டில் நோயாளி ஒருவர் மருத்துவக் கருவி பாவிப்பதை அறியாமல் அவ்வீட்டைச் சேர்த்துக்கொண்டேன்' என்று எழுதினேன். வாசித்துக் காட்டினேன். கோபி கையை நீட்டித் தாளில் ஓரிடத்தைத் தொட்டார்.

"அறியாமல் எண்டதை வெட்டுங்கோ."

"ஏன் கோபி?"

"அறிஞ்சுதான் அண்ணை செய்தனான். கொரோனா நேரம் ஊர்காவற்றுறையிலை ஒரு வீட்டுக்கு இந்தச் சாதி மெசினுக்குத் தனி லைன் இழுத்துக் குடுத்தனான். சத்தம் கேட்ட உடனை எனக்குத் தெரியும்."

"தெரிஞ்சுகொண்டு ஏன் கோடு கீறினனீர்?"

"மருத்துவ மெசின் இருக்கிற வீடுகளைச் சேர்க்கக் கூடாதெண்டு படிவத்திலையே இருக்கு. எழுதினால் அந்த வீடு போயிடும். அம்பத்தொன்பது ஆகிடும்."

நான் பேனாவைக் கீழே வைத்தேன். "சரி, பிறகு அறுபத்தாறு எண்டு பில் வந்ததே. அப்ப?"

அவர் நிலத்தைப் பார்த்தார். "சந்தோசப்பட்டனான். எதை நிப்பாட்டினவை எண்டு ஒரு யோசனை வந்தது அண்ணை. வராமலில்லை. ஒரு நிமிசம் வந்தது. பேந்து, கரம்பொன்காரரை விழுத்தியாச்சு எண்ட சந்தோசத்திலை அதை விட்டிட்டன்."

'அறியாமல்' என்ற சொல்லை வெட்டி, மேலே 'அறிந்தும்' என்று எழுதினேன். ஏசி என்று நான் அடித்த பகிடியை எழுத அந்தக் கடிதத்தில் இடமில்லை என்று எனக்குள் சொல்லிக்கொண்டேன். கோபியும் அதைப் பற்றி ஒன்றும் கேட்கவில்லை. கேட்டிருந்தால் நல்லதாக இருந்திருக்கும்.

கடிதம் போன மூன்றாம் கிழமை டினேஷின் நிறுவனம் போட்டியிலிருந்து விலக்கப்பட்டது. வேலை கரம்பொன் பக்கத்து நிறுவனத்துக்குப் போனது. அவர்களும் எப்படிக் குறைத்தார்கள் என்று எனக்குத் தெரியாது. டினேஷ் கோபியோடு கதைப்பதை நிறுத்திக்கொண்டார். ஊரிலும் கோபியை யாரும் மெச்சவில்லை. பாதி விலைப் பிறிச் கைவிட்டுப் போனதுதான் எங்கள் ஆட்களுக்குப் பெரிதாகத் தெரிந்தது. "தான் செய்த பிழைக்கு எங்களை ஏன் விழுத்தினவர்?" என்று கோயில் வாசலிலேயே கேட்டார்கள். வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம் என்று சொன்னவர்களும் உண்டு. கோபி யாரோடும் வாதாடவில்லை. கூப்பிட்ட வீட்டுக்கு வேலைக்குப் போனார். கதிரை போட்டாலும் இருக்கவில்லை.

அரியநாயகத்தை யாழ்ப்பாணம் பெரியாசுப்பத்திரியில் இரண்டு கிழமை வைத்திருந்தார்கள். திரும்பி வந்தபின் மெசின் இரவு பகலாக ஓடியது. படலையால் போகிற எங்கள் எல்லோருக்கும் அந்தச் சத்தம் கேட்டது. அவர் அதன்பின் அதை மறைக்கவுமில்லை. சில பின்னேரங்களில் நீளக் குழாயோடு விறாந்தை வரை வந்து இருந்தார். கோபி ஒவ்வொரு ஞாயிறும் போய், கரண்ட் போனால் ஓடுவதற்கென்று தான் பூட்டிக் கொடுத்த பற்றரியைப் பார்த்துவிட்டு வருவார். ஒரு ஞாயிறு, சறோஜினிதேவியிடம் மன்னிப்புக் கேட்க வாயெடுத்தாராம். அவர் கையைக் காட்டி மறித்துவிட்டார்.

"வேண்டாம் தம்பி. பட்டியலை ஒட்டினது நீர். பிளக்கைக் கழட்டினது நான். நீர் மன்னிப்புக் கேட்டால் நான் ஆரிட்டைப் போய்க் கேக்கிறது?"

அதற்குப் பிறகு அவர்கள் இருவரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமலே பற்றரியைப் பற்றிக் கதைத்துக்கொண்டார்கள்.

மாசி மாதத்தில் அரியநாயகம் செத்துப்போனார். நுரையீரல் எப்போதோ முடிந்துவிட்டது, மெசினை நிறுத்திவைத்த அந்த இரண்டு மாதம் இல்லாவிட்டாலும் கனகாலம் இருந்திருக்க மாட்டார் என்று டொக்ரர் தனுசியாவிடம் சொன்னாராம். செத்தவீட்டுக்கு வந்திருந்த தனுசியா அதைக் கோபியைத் தேடிப் போய்ச் சொன்னார். ஆறுதலாக இருக்கட்டும் என்றுதான் சொல்லியிருப்பார். கோபி "ஓம் தங்கச்சி" என்று மட்டும் சொன்னார். அன்று செத்தவீட்டுக்கு லைற் இழுத்ததும் அவர்தான். வேலை முடிந்ததும் உள்ளே வராமல் றோட்டுக் கரையில் மதிலோடு நின்றார். நான் கிட்டப் போய் நின்றேன். வாசிகசாலைச் சுவரின் முன் அர்ச்சனைத் தட்டோடு நின்று சறோஜினிதேவி சிரித்த அந்தச் சிரிப்பு அன்று முழுவதும் என் கண்ணுக்குள் நின்றது. அதைக் கோபியிடம் சொல்லலாம் என்று நினைத்தேன், சொல்லவில்லை.

கரம்பொன் நிறுவனம் இப்போது எங்கள் தீவிலும் வேலை செய்கிறது. ஊர் விபரம் தெரிந்தவர் என்று கோபியைத் தேடி ஒரு பெண் அதிகாரி வந்தார். வீடு வீடாகப் போய் வால்வு, றப்பர், வயர் பார்த்துத் திருத்திக் கொடுக்கிறேன், கணக்கெடுக்க மாட்டேன் என்று சொல்லி, அந்தளவில் கோபி ஒப்புக்கொண்டார். போன கிழமை எங்கள் மோட்டரைப் பார்க்க வந்தபோது, துணிந்து கேட்டேன்.

"கோபி, அதை இன்னும் நினைச்சுக்கொண்டோ இருக்கிறீர்?"

அவர் திருகாணியை இறுக்கிக்கொண்டே கொஞ்சம் யோசித்தார்.

"எந்த நாளும் இல்லை அண்ணை. சில நாளையிலை வேலையோடை வேலையா மறந்துபோறன். பின்னேரம் வீட்டை போய்க் கை கழுவேக்கைதான், இண்டைக்கு முழுக்க நினைக்கேல்லை எண்டு தெரியுது. அதுதான் எல்லாத்தையும்விட வெக்கமாக் கிடக்கு."

மோட்டரைப் போட்டுக் காட்டினார். தண்ணீர் நல்ல வேகத்தில் தாங்கிக்குள் விழுந்தது. சாமான்களைப் பைக்குள் அடுக்கிக்கொண்டு பின்வாசலால் போனார்.